தறி நடந்த நடை

நடக்கச் சொன்னால் போதும், என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் இருக்கிற வேலையெல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்துவிடும். தறியில் பாவு நூல் தீர்ந்துவிட்டது, மெக்கானிக் வருகிறான், ஈரோட்டிலிருந்து நூல் வருகிறது, பனி கொட்டுகிறது, வெயில் ஏறிவிட்டது, தெருமுனையில் நாய் நிற்கிறது. நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். இவருக்குக் குதிரையே வேண்டியதில்லை, சாக்கு மட்டும் போதும்.

குமாரபாளையத்தில் எங்களுக்கு ஆறு விசைத்தறி இருக்கிறது. லுங்கி ஓட்டுகிறோம். பட்டறை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அவர் பெயர் தண்டாயுதபாணி. நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, உங்களுக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன். அவருக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. வந்த வியாதியை விருந்தாளி மாதிரி லட்டும் ஜிலேபியும் கொடுத்து உபசரித்தவர் அவர். நான் கேட்டால், "ஒண்ணே ஒண்ணுதான் புள்ள" என்பார். அந்த ஒன்று என்றைக்கும் ஒன்றாக இருந்ததில்லை.

இதில் நான் பயப்படக் காரணம் இருக்கிறது. அவருடைய அண்ணன் அருணகிரிக்கும் சர்க்கரைதான். கட்டைவிரலில் சின்னதாக ஒரு புண் வந்தது. தானாக ஆறிவிடும் என்று விட்டார். முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் முழங்காலுக்குக் கீழே மொத்தமாக எடுத்தார்கள். இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடந்து போகிறவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காலியாகத் தொங்குகிற அந்த வேட்டி நுனியைப் பார்க்காமல் போக முயற்சி செய்வேன். முடியாது.

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிற டாக்டர் ஆனி மாதத்தில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். தினமும் நடக்க வேண்டும், இல்லையென்றால் அண்ணனுக்கு நடந்ததுதான் தம்பிக்கும் என்றார். என் வீட்டுக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார். கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் எதிர்த்த பேக்கரியில் ஒரு பப்ஸ் சாப்பிட்டார். மறுநாள் காலை எழுப்பினேன். "நா பட்டறைல நடக்காத நடையா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் மகன் சிவபிரகாஷிடம் போனில் அழாத குறையாகச் சொன்னேன். அவனும் மருமகள் தீபிகாவும் சேர்ந்து அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினார்கள். கட்டிக்கொண்டு நடந்தால் அதில் ஒரு பச்சை வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நிறையும். முழுசாக நிறைந்தால் வாணவேடிக்கை வரும். இங்கே இவர் நடப்பது அங்கே அவர்கள் போனிலும் தெரியும். நாங்கள் நால்வரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் அதைப் போடுவார்கள்.

முதல் வாரம் பாதி வட்டம்கூட நிறையவில்லை. இரண்டாவது வாரம் ஒரே பச்சை. மதியச் சாப்பாட்டுக்கு வருவதற்குள் வட்டம் நிறைந்து வாணம் வெடித்திருக்கும். காலையில் போவார், வாய்க்கால் வரைக்கும் போய்விட்டு அப்படியே பட்டறைக்குப் போனேன் என்பார். மகன் கைதட்டுகிற படம் போடுவான், மருமகள் பூங்கொத்து போடுவாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டில் சொன்னேன், பூக்காரியிடம் சொன்னேன், பவானிக்குப் போகிற பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தியிடம்கூடச் சொன்னேன். அருணகிரி மாமாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவனா?" என்று மட்டும் கேட்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் மறுபடியும் அஸ்தம்பட்டிக்குப் போனோம். சர்க்கரை இறங்கவில்லை, ஏறியிருந்தது. டாக்டர் போனை வாங்கிப் பச்சை வட்டங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், மறுபடி வட்டத்தைப் பார்த்தார். இத்தனை நடந்தும் கேட்காவிட்டால் மாத்திரையைக் கூட்ட வேண்டியதுதான், அடுத்த தடவை ஊசி என்றார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, கெட்டியான ஒரு நைலான் நூலால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். இவர் கண்ணைத் திறந்து, கடையில் நூலின் பருமனை விசாரிப்பது போல, "இது எத்தனை கவுண்ட்டு நூலுங்க டாக்டர்?" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார், நர்ஸ் சிரித்துவிட்டாள், நானும் பல்லைக் காட்டினேன். வெளியே இன்னும் கூட்டம் இருந்தது. அந்தச் சிரிப்போடு நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

அன்றைக்கு ராத்திரி மகன் போன் பண்ணி, பதமாகத்தான் கேட்டான், ஆனால் கேட்டுவிட்டான். அப்பா இவ்வளவு நடக்கிறாரே, நீ சோறு எச்சாக, அளவுக்கு மேலே போடுகிறாயா அம்மா என்று. எனக்குப் போனை உரலில் போட்டு இடிக்கலாம் போல இருந்தது. ராகியும் கம்பும் கீரையுமாக ஆக்கிப் போட்டு, அவர் முகம் சுளிப்பதையெல்லாம் பொறுத்துக்கொண்டு, கடைசியில் குற்றவாளி நான். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கம்மென்று இருந்தார். அந்த மௌனத்தை நான் பின்னால்தான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இவர் புளுகு மூன்று மாதம் ஓடியது, அதுவும் மின்சாரத்தில். ஐப்பசி பிறந்த சமயம் பட்டறைப் பக்கம் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோய், அந்தத் தெருவுக்கு மட்டும் கரண்ட் வர நாளானது. மருமகள் போன் பண்ணினாள். மாமாவுக்கு உடம்பு சரியில்லையா அத்தை, ஒரு அடிகூட நடக்கவில்லையே என்றாள். நான் அவர் கையைப் பார்த்தேன். கடிகாரம் இல்லை. எங்கே என்றேன். பட்டறையில் இருக்கும் என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் நேராகப் பட்டறைக்குப் போனேன். கரண்ட் இல்லாத பட்டறை அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. எங்களிடம் தறி ஓட்டுகிற ராஜம்மாள் தரையில் உட்கார்ந்து தார்க்குச்சிகளில் மிச்சம் இருந்த நூலை உருவிக்கொண்டிருந்தாள். கடிகாரம் எங்கே என்று கேட்டேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மூலைத்தறியைக் காட்டினாள். தறியில் நூலைத் தட்டித் தட்டி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும் கட்டையில், கழிவு நூலால் நான்கு சுற்றுச் சுற்றி, என் மகன் வாங்கி அனுப்பிய கடிகாரம் கட்டியிருந்தது. தறி ஆடினால் கடிகாரமும் ஆடும். அது ஆடுவதை நடை என்று நினைத்துக்கொண்டது. மூன்று மாதமாக நடந்தது தறி. அந்தத் தறிக்குத்தான் மருமகள் பூங்கொத்து போட்டிருக்கிறாள்.

"நாஞ் சொல்லலாம்னுதான் இருந்தனுங்க," என்றாள் ராஜம்மாள். "முதலாளி சொல்லப்படாதுன்னுட்டாருங்க."

வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். தறி ஓடாத அமைதியில் இன்னும் நன்றாகவே கேட்டிருக்கும். அந்த டாக்டர் தறியின் நடையைப் பார்த்து மனிதனுக்கு மாத்திரை கூட்டிக் கொடுத்திருக்கிறாரே, மயங்கி விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். என் வீட்டுக்காரர், தறியில் வேலை செய்கிறவனுக்குத் தறி நடந்தால் என்ன, தான் நடந்தால் என்ன என்று ஏதோ முனகினார். சரி, இதை மகனிடம் சொல்கிறேன் என்று போனை எடுத்தேன். உடனே இறங்கி வந்தார். வேண்டாம் என்றார். அப்படியானால் நாளைக்கு வெள்ளென என்னோடு நடக்க வேண்டும் என்றேன்.

மறுநாள் இருட்டுப் பிரியும் நேரத்தில் வாய்க்காலுக்குக் கிளம்பினோம். மேட்டூர்த் தண்ணீர் கரை நிறையப் போய்க்கொண்டிருந்தது. நான் முன்னால், அவர் பின்னால். தெருவில் சுவரோரமாகவே வந்தார். தெரு முடியும்வரை தலையைத் தூக்கவே இல்லை, தரையையே பார்த்து வந்தார். ஆட்டுக்குட்டியைக்கூட இதைவிடச் சீக்கிரம் இழுத்துக்கொண்டு போய்விடலாம். கரை ஏறியதும் நான் பேச ஆரம்பித்தேன். அண்ணன் காலைச் சொன்னேன், என் சமையல் பட்ட அவமானத்தைச் சொன்னேன், பஸ்ஸில் நான் பெருமையடித்த அந்தப் பெண்ணைச் சொன்னேன். கோபத்தோடு திரும்பிப் பார்த்தேன்.

அவர் வந்துகொண்டுதான் இருந்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால். செருப்பு நாங்கள் கடந்து வந்த பாதையில், வெகு தூரம் பின்னால், ஒரு கல்லை ஒட்டிக் கிடந்தது. வெறுங்காலோடு அந்த முள்ளிலும் சரளையிலும் நடந்து வந்திருக்கிறார். என்ன அப்படிப் பார்க்கிறாய் என்றார். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

உட்காரச் சொல்லிக் காலைத் தூக்கிப் பார்த்தேன். கருவேல முள் ஒன்று நடுப்பாதத்தில் முழுசாக இறங்கியிருந்தது. ரத்தம் மண்ணோடு குழைந்து கறுத்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டார். நைலான் நூலைப் பார்த்து அவர் கவுண்ட் கேட்டது எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது.

"எத்தன நாளா இப்படி?" என்றேன்.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு வருஷம் இருக்கும். எங்கண்ணனுக்கும் மொதல்ல இப்படித்தான் மரத்துப்போச்சாமா. சொன்னா எனக்கும் எடுத்துப்போடுவாங்க. பட்டறைல எல்லாரும் வெறுங்காலு, யாருக்கும் தெரியாது. ஒருக்கா ரோட்டுல செருப்ப உட்டுப்போட்டு நடந்து போயிட்டனாட்டம் இருக்குது. ஒருத்தன் கூப்புட்டு, ஏனுங்க காலைலயே தண்ணி போட்டாச்சான்னு கேட்டுப்போட்டுச் சிரிச்சான். அதுக்கப்பறம் நடக்கப் போகல."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வருடம் முழுக்கப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற மனிதர், தன் காலைத் தனக்கே தெரியாமல் இழந்துகொண்டு, எனக்கும் சொல்லாமல் லட்டுத் தின்றுகொண்டு இருந்திருக்கிறார். அதைவிட ஆத்திரம் என் மேல். சோம்பேறி, சோம்பேறி என்று நான் திட்டிய நாளெல்லாம் அவர் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். முள்ளைப் பிடுங்கி, முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். கட்டும்போதும் திட்டினேன். அவர் எப்போதும்போல எதிர்த்துப் பேசியிருந்தால் பரவாயில்லை, எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றார். அதுதான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே அஸ்தம்பட்டி. தறிக் கதையை நானே டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முதலில் அவரைத் திட்டினார், அப்புறம் என்னையும் சேர்த்துத் திட்டினார். கூட்டிய மாத்திரையைக் குறைத்தார். புண் ஆறும்வரை நடக்கவே கூடாது, ஆறிய பிறகு, பின்பக்கம் வார் வைத்த மெத்தென்ற செருப்பு இல்லாமல் ஒரு அடி வைக்கக்கூடாது, தினமும் யாராவது காலைப் பார்க்க வேண்டும் என்றார். மரத்துப்போனது திரும்புமா என்று நான் கேட்டேன். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வருவதற்கு உறுதி சொல்ல முடியாது, சிலருக்குக் கொஞ்சம் வரும், நம்பிக்கொண்டு உட்காராதீர்கள் என்றார்.

தினமும் யாராவது என்றால் யார்? நான்தான். பொழுதோடு பட்டறையிலிருந்து வந்ததும் முக்காலியில் காலைத் தூக்கி வைத்துவிடுவார், ஜமீன்தார் மாதிரி. நான் டார்ச் அடித்து ஒவ்வொரு விரல் இடுக்காகப் பார்ப்பேன். கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி விடுவேன். அவர் அந்த நேரம் டிவி பார்ப்பார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தக் கால்களை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. நின்று நின்றே தேய்ந்த கால்கள். எங்கள் மகனைப் படிக்க வைத்த கால்கள். அதை நினைத்து ஒருநாள் அந்தப் பாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் கொஞ்சம் தள்ளு, டிவி மறைக்கிறது என்றார்.

புண் ஆறி, கார்த்திகையில் மறுபடி நடக்க ஆரம்பித்தோம். அவரைப் போல மோசமான வழித்துணை இந்த ஜில்லாவில் கிடையாது. எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டார், கட்டியிருக்கிற லுங்கியைப் பார்ப்பார். நிறுத்தி, ஓரத்தைப் பிடித்து விரலால் நெருடி, இது எந்தப் பட்டறை ஓட்டியது, எங்கே நூல் விட்டிருக்கிறது என்று சொல்வார். பல் விளக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு வந்த மனிதர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பார். எனக்கு மானம் போகும். அப்புறம் அவர் பேச்சு. தறிச் சத்தத்திலேயே வாழ்ந்த மனிதர், அதற்கு மேலே கத்திப் பேசித்தான் பழக்கம். கரையில் நின்று, தண்ணீர் நிறையப் போகுது என்று என்னிடம் சொன்னால், அக்கரை வயலில் இருக்கிற கொக்கெல்லாம் எழுந்து பறந்துவிடும். மெதுவாகப் பேசுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி என் குரலும் உயர்ந்துவிட்டது.

வாரம் போகப் போக அந்தச் சத்தம் தணிந்தது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் நடுவழியில் நின்று, கையால் என்னை அமர்த்தி, அது என்ன குருவி புள்ள என்று கேட்டார், கிட்டத்தட்ட ரகசியமாக. எனக்கென்ன தெரியும் என்றேன். நீளமான பிளவு வாலோடு கம்பிமேல் உட்கார்ந்திருந்த கரிச்சான் அது, பெயர் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் அதை அன்றைக்குத்தான் கேட்டார் என்று தோன்றியது. கரும்புத் தோகை மேலே பனி, அதற்கு அப்பால் சங்ககிரி மலை. நானும் அதையெல்லாம் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது. நாங்கள் சேர்ந்து நடந்ததெல்லாம் கோயில் பிரகாரத்தில் மட்டும்தான், அதிலும் அவர் முன்னால் போய்விடுவார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் காலை நடைக்காக நான் முந்தின நாளே காத்திருக்க ஆரம்பித்தேன். என் இடுப்பு வலி எங்கே போனது என்று தெரியவில்லை. எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், வாய்க்காலைப் பார்த்தே மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாள் நடையிலிருந்து விடுமுறை கேட்பார்.

மகனும் மருமகளும் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். மறுநாள் காலை நான்கு பேருமாக நடந்தோம். நான் வாய் திறக்கவில்லை. அவராகவே, தறியில் கட்டிய கதையை மகனிடம் சொன்னார். சிவபிரகாஷ் சிரித்துச் சிரித்துக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் காலைப் பற்றியும் சொன்னார். அவன் எழுந்து வந்து அப்பாவின் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டான். திரும்பி வருகிற வரை விடவில்லை. மருமகள் என்னிடம், நான் சோறு எச்சாகப் போட்டதாக அவர்கள் நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அதுவும் தேவையாகத்தான் இருந்தது.

மார்கழியில் ஒருநாள். பனி என்றால் அப்படி ஒரு பனி, மலை இருக்கிற இடமே தெரியவில்லை. அன்றைக்கு அவர் நிற்காத இடமில்லை. இரண்டு லுங்கி, ஒரு கன்றுக்குட்டி, தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் என்று எல்லாவற்றுக்கும் நின்றார். எனக்கு வீட்டில் பால்காரர் வந்து நிற்பார் என்ற கவலை. அப்போது மறுபடி நின்றார்.

"நில்லு புள்ள, செருப்புக்குள்ள கல்லு."

"நடங்க கம்முனு," என்றேன். "இன்னைக்கு இன்னும் என்னென்ன சாக்கு வெச்சிருக்கீங்க?"

"சாக்கு இல்ல. குத்துது."

குத்தினால் குத்தட்டும், ஊட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே நான் நடந்தேன். கோபமாகத்தான் நடந்தேன். கொஞ்சதூரம் போன பிறகுதான் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நின்றேன். திரும்பி ஓடி வந்தேன், இந்த வயதில், அந்தப் பனியில்.

"எந்தக் காலுங்க?"

"இதுதான்," என்று எரிச்சலோடு இடது காலை நீட்டினார். "எடுத்துப்போடு, கேட்டுக்கிட்டே நின்னா?"

அப்படிச் சொன்னவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. என்னைப் பார்த்தார். நான் மண்ணில் உட்கார்ந்து வாரை அவிழ்த்தேன். உள்ளே ஒரு சரளைக்கல், உளுந்து அளவுகூட இருக்காது. பாதத்தில் காயம் எதுவும் இல்லை, தடவிப் பார்த்துக்கொண்டேன். கல்லை வெளியே எடுத்து எறியப் போனேன்.

"எறியாத," என்றார். "மறுக்கா வெய்யி."

இந்த மனிதரை என்ன செய்வது. நான் கல்லை விரல் நுனியில் எடுத்து அவர் பாதத்தில் வைத்து, மெல்ல, பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அவர் இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"குத்துது நர்மதா," என்றார்.

"நல்லாக் குத்தட்டும்," என்றேன்.